முதல் மதிப்பெண் எடுக்காத பிள்ளைகளும் இந்த மலையில்தான் இருக்கிறார்கள்

'மலைக்கிராமத்தின் முதல் மாணவி', 'கூலித் தொழிலாளி மகள் சாதனை', 'குடிசையிலிருந்து ஐஐடி வரை'. ஒவ்வொரு ஆண்டும் மே, ஜூன் வந்தால் இந்தத் தலைப்புகளும் வந்துவிடும். 2024-ல் பச்சைமலை மாணவி திருச்சி என்ஐடிக்குப் போனார். 2025-ல் கல்வராயன் மலையின் கருமந்துறையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த மாணவி சென்னை ஐஐடியில் இடம் பெற்றார். இருவரையும் நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அதில் சந்தேகமே வேண்டாம். என் கோபம் செய்தி எழுதுகிறவர்கள் மேல். சென்னை ஐஐடி 1959-ல் தொடங்கியது. மலையிலிருந்து ஒரு பெண் அங்கே போவது 2025-லும் கொட்டை எழுத்துச் செய்தியாக இருக்கிறதென்றால், இத்தனை ஆண்டுகளாக யார் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்று ஒரு வரியாவது எழுத வேண்டாமா? அதே வகுப்பில் அவளோடு உட்கார்ந்திருந்த மற்றவர்கள் எங்கே போனார்கள் என்றாவது கேட்க வேண்டாமா?

ஏற்காட்டில் பெயர் பெற்ற பழைய விடுதிப் பள்ளிகள் உண்டு. மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917-ல் தொடங்கியது. இம்மாதிரிப் பள்ளிகளில் ஆண்டு மலர் என்று ஒன்று போடுவார்கள். பள்ளியை விட்டுப் போகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு படமும் நாலு வரியும் இருக்கும். பட்டப்பெயர் என்ன, எந்த ஆட்டத்தில் கெட்டி, யாரைச் சீண்டுவான், எந்தப் பாடத்தில் தூங்குவான் என்றெல்லாம் பாசமாக எழுதியிருப்பார்கள். கடைசி பெஞ்சுக்காரனுக்கும் நாலு வரி உண்டு. எனக்கு அதில் பொறாமை இல்லை. படிக்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பிள்ளைகள் நேசிக்கப்படுவதற்கு எதையும் சாதிக்க வேண்டியதில்லை. மலையாளிப் பழங்குடிப் பிள்ளையும் எஸ்டேட் லயன் வீட்டுத் தலித் பிள்ளையும் நாளிதழில் ஒரு மூலை பெறுவதற்கு ஐஐடிக்குப் போயாக வேண்டும்.

ஆகவே எனக்குத் தெரிந்த சிலருக்கு நானே எழுதிவிடுகிறேன். ஆறு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் சேலத்திலிருந்து பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, மலையிலே பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். இவர்கள் இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள். பெயர் போடவில்லை, அவர்கள் கேட்டுக்கொண்டபடி பட்டப்பெயர் மட்டும்.

முதலில் 'டிப்போ'. பஸ் பைத்தியம். எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்த ஊரில் திரும்பும், எந்த டிரைவர் எந்த வளைவில் எப்படி ஹாரன் அடிப்பார் என்பதையெல்லாம் வாயாலேயே செய்து காட்டுவான். பன்னிரண்டாம் வளைவில் ஒரு கண்டக்டர் சில்லறை கேட்கும் காட்சியை அவன் நடித்து, விடுதியே உருண்டு சிரித்ததைப் பார்த்திருக்கிறேன். அவனுக்கு இது விளையாட்டு மட்டுமல்ல. காலை வண்டி வராத நாளில் அவனுடைய ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் பள்ளிக்கு வரமாட்டார்கள். வண்டி வருமா வராதா என்று முதல்நாள் இரவே கணித்துச் சொல்வது இவன் வேலை. பஸ் ஓட்டப் போகிறேன் என்கிறான். ஒரு விழாவுக்கு வந்த பெரியவர் "பெரிதாகக் கனவு காண், தம்பி" என்று அவனுக்கு அறிவுரை சொன்னார். எரிச்சலாக வந்தது. ஒழுங்காக பஸ் வருகிற மலை இந்த மாநிலத்துக்கு இன்னும் பெரிய கனவாகத்தானே இருக்கிறது!

அடுத்து 'கணக்குப்பிள்ளை'. இவளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விடுதியில் முட்டை போடும் நாளில் வாசலில் நின்று எண்ணுவாள். ஒன்று குறைந்தாலும் நோட்டில் ஏறிவிடும். சமையல்கார அக்காவுக்கு முதலில் இவள்மேல் கோபம். பிறகு, குறைவாக வந்த சரக்கை மேலே காட்டுவதற்கு அதே நோட்டைத்தான் அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். இந்தப் பழக்கம் அவளுக்கு எஸ்டேட்டில் வந்தது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை காபிப் பழம் பறிக்கும் பருவம். அம்மாவோடு விடுமுறை நாட்களில் போவாள். பறித்த பழத்துக்குக் கிலோ கணக்கில் கூலி. தராசில் நிற்கும் எடைக்கும் சீட்டில் எழுதும் எடைக்கும் இருந்த வித்தியாசத்தை எட்டாம் வகுப்பிலேயே கண்டுபிடித்து, மேஸ்திரியிடம் அம்மா சார்பில் பேசியவள். எந்த எஸ்டேட் என்று எழுதவில்லை. அம்மா இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார் என்று சுற்றுலாப் புத்தகங்கள் பெருமையாக எழுதும். ஏறத்தாழ இருநூறு ஆண்டுக் காபியில் யார் பறித்தார்கள், எவ்வளவு வாங்கினார்கள் என்ற கணக்கை எழுத இவளைப் போல் ஒருத்தி வேண்டும். பி.காம். விண்ணப்பித்திருக்கிறாள். பொதுத்தேர்வுக்கு முந்தைய மாதங்களும் பறிப்புப் பருவமும் ஒன்றாகவே வரும் என்பதால் அவளுடைய மதிப்பெண் செய்தியாகிற அளவுக்கு இல்லை.

இவள் மலையாளிப் பழங்குடி. 'மலையாளி' என்றதும் "கேரளாவா?" என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. மலையை ஆள்பவர் என்று அவர்களே பொருள் சொல்வார்கள், தாய்மொழி தமிழ். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் பழங்குடிகளில் இவர்களே எண்ணிக்கையில் பெரியவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் வந்து சேர்வராயன், கொல்லி, பச்சை ஆகிய மூன்று மலைகளிலும் குடியேறினார்கள் என்று ஒரு மரபுக்கதை உண்டு. தர்ஸ்டன் 1909-லேயே அதைப் பதிவு செய்திருக்கிறார். அந்தக் கதையில் அவர்கள் வேளாளர்கள். பழைய பத்திரங்களில் பெயருக்குப் பின்னால் 'கவுண்டர்' என்றும் ஒட்டியிருக்கும். தாத்தா காலத்தில் பெருமையாக ஒட்டிக்கொண்ட அந்த ஒற்றைச் சொல், பேத்தி சான்றிதழ் கேட்கப்போகும்போது வழிமறித்து நிற்கிறது. "கவுண்டர்னு போட்டிருக்கே, எஸ்டி எப்படி?" சாதிப் பட்டம் யாருக்கு என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

பட்டியல் சாதிச் சான்றிதழ் வட்டாட்சியர் கையெழுத்தில் வரும். பழங்குடிச் சான்றிதழுக்குக் கோட்டாட்சியர் வரை போக வேண்டும். 1994-ல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் போலிச் சான்றிதழ்களைத் தடுக்க விசாரணை முறை ஒன்றை வகுத்தது. போலிகள் உண்மையிலேயே இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அதிலிருந்து வளர்ந்த 'இணக்கச் சோதனை' மலைப் பிள்ளைகளிடம் வந்து என்ன கேட்கிறது? உங்கள் குலதெய்வம் எது, கல்யாணத்தில் என்ன சடங்கு, பிணத்தை எப்படி எடுப்பீர்கள்? எங்கள் கணக்குப்பிள்ளையிடம் ஓர் அலுவலகத்தில், "பார்த்தா அப்படித் தெரியலையே" என்றார்களாம். சுடிதார் போட்டிருந்தாள், கையில் போன் இருந்தது. வேறு எப்படித் தெரிய வேண்டும்? இலை தழை கட்டிக்கொண்டு வர வேண்டுமா? அந்தச் சோதனையை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது, அது தீர்மானமான அளவுகோல் அல்ல என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. தீர்ப்பு டெல்லியிலிருந்து ஏற்காட்டுக்கு வர எந்த வண்டி ஏற வேண்டும் என்று டிப்போவைத்தான் கேட்க வேண்டும்.

எஸ்டேட் லயன் வீட்டிலிருந்து வருகிறவள் 'எடிட்டர்'. தலித் பெண். சமவெளியிலிருந்து கூலிக்கு ஏறி வந்த குடும்பத்தில் மூன்றாம் தலைமுறை. கையெழுத்துச் சுவரிதழ் நடத்தினாள். அம்பேத்கர் பிறந்த நாளுக்கு ஒரு சிறப்பிதழும் போட்டாள். தலையங்கத்தில் எழுத்துப்பிழை இருக்கும், பயம் இருக்காது. மலையில் சாதி கிடையாது என்பது வார இறுதிக்கு வருகிறவர்களின் நம்பிக்கை. எடிட்டர் அதைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பு 'தண்ணீர் கொடுத்த டம்ளர்'. அது கணக்குப்பிள்ளையின் ஊரில், அவளுடைய உறவினர் வீட்டில் நடந்தது. இருவரும் உயிர்த்தோழிகள். சுவரில் கட்டுரை ஏறிய பிறகு ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. பிறகு கணக்குப்பிள்ளை அதைத் தன் கையாலேயே இன்னொரு படி எடுத்து ஊருக்குக் கொண்டுபோய் வீட்டில் படித்துக் காட்டினாள். என்ன நடந்தது என்று கேட்டேன். "சண்டைதாங்க்கா நடந்துச்சு. ஆனா அத்தை இப்ப இவளுக்கு எங்க டம்ளர்லயே குடுக்குது" என்றாள். பட்டியல் சாதியும் பழங்குடியும் ஒன்றுசேர வேண்டும் என்று மேடையில் பேசுகிற நாம் இப்படி ஒரு சண்டையை எப்போதாவது வீட்டுக்குள் போட்டிருக்கிறோமா, தோழர்களே?

நாலாவது ஆள் 'தேனீ'. வேதியியலில் தேறவில்லை, துணைத்தேர்வு எழுதுகிறான். தேனெடுக்கிறவன் என்றதும் 'இயற்கையின் குழந்தை' என்று எழுதக் கை அரிக்கிறவர்கள் தயவுசெய்து தள்ளிப் போங்கள். அவன் தேனெடுப்பது செல்போன் தவணை கட்ட. தேர்வு முடிந்த மறுவாரமே கோடை விழாக் கூட்டத்துக்கு லாட்ஜ் ஒன்றில் படுக்கை விரிக்கப் போய்விட்டான். துணைத்தேர்வுக்கு அவனைப் படிக்கவைப்பதுதான் இப்போதைக்கு என்னுடைய தலைவலி. அவன் மிக நல்ல பையன். இதற்கு மேல் சான்று எதுவும் கிடையாது.

தமிழ்நாட்டில் பழங்குடிகளின் எழுத்தறிவு 2011-ல் 54.3 விழுக்காடு, மாநிலத்துக்கு 80. இடஒதுக்கீடு ஒரு விழுக்காடு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடும், புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயும் இந்தப் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே உதவுகின்றன. எடிட்டர் அந்த ஆயிரத்தை நம்பித்தான் கல்லூரி விடுதிக்குப் போகிறாள். ஆனால் பழங்குடிகளுக்கென்று தனித்துறை, தனிப்பள்ளி என்று ஒதுக்கிவைத்திருப்பதைப் பற்றிப் பேசத் தயக்கமே நிலவுகிறது. நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, எல்லாப் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவரச் சொல்லி 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயரில் சாதி அடையாளம் வேண்டாம் என்றும் சொன்னது. துறை மாறினால் நலத்துறைப் பணமும் போய்விடுமோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். நியாயமான அச்சம். பணத்தைக் காப்பாற்றிக்கொண்டு துறையை மாற்றுவது எப்படி என்று கணக்குப் போடுவோம். அச்சத்தைக் காட்டி அறிக்கையைப் பரணில் போட வேண்டாம்.

சான்றிதழ் விஷயம் அதைவிட எளிது. ஒன்றாம் வகுப்பில் சேரும் அன்று தொடங்க வேண்டிய வேலையைப் பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை இழுத்துவிட்டு, கலந்தாய்வுக்கு முந்தின வாரம் பிள்ளையையும் தாயையும் மலையிறங்கி அலையவிடுகிறார்கள். ஒரு நாள் அலைந்தால் ஒரு நாள் கூலி போகும். அதிகாரி பள்ளிக்கு வரட்டும். விசாரணையைப் பள்ளியிலேயே நடத்தட்டும்.

அதுவரைக்கும் ஒரு வேலை இருக்கிறது. கல்லூரி விண்ணப்பம், உதவித்தொகைப் படிவம், துணைத்தேர்வுக்கு வேதியியல் என்று மூன்றுக்கும் ஆள் போதவில்லை. சேலத்தில் இருக்கிற தோழர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை முதல் வண்டிக்கு வாருங்கள். மடிக்கணினி இருந்தால் எடுத்து வாருங்கள், மேலே சிக்னல் சரியாகக் கிடைக்காது. திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு என்று டிப்போ சொல்வான்.