சேர்வராயன் கோயில் என்றொரு கோப்பு

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் கோப்புக்குப் பெயர் வைக்கத் தடை மிகக் குறைவு. பெயருக்குள் சாய்கோடும் சுழிய பைட்டும் வரக் கூடாது. லினக்ஸில் பரவலாக உள்ள இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் நீளம் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. மற்றபடி இடைவெளி, மேற்கோள்குறி, வரிமுறிவு, திரையின் நிறத்தையே மாற்றிவிடும் கட்டுப்பாட்டுக் குறிகள், முதலில் ஒரு ஹைஃபன் என எதையும் கெர்னல் மறுப்பதில்லை. அதற்குப் பெயர் என்பது பைட்டுகளின் வரிசை, அவ்வளவுதான். இந்தத் தாராளம் இருப்பதால்தான் கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்க முடிகிறது. தொல்லைகள் நுழைந்ததும் இதே வாசல் வழியாகத்தான்.

ஏற்காட்டுக்கு மேலே, மலையுச்சிக் குகையில் இருக்கும் கோயிலின் படத்தை ஒருவர் ‘சேர்வராயன் கோயில்’ என்ற பெயரில் சேமிக்கிறார் என்று கொள்வோம். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டு. நடுவிலுள்ள இடைவெளி 1 பைட்டு. ஆக மொத்தம் 49. ஆனால் இதே பெயர் 52 பைட்டாகவும் இருக்கலாம். ‘கோ’வில் வரும் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னால் வரும் கொம்பு, பின்னால் வரும் கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். இரண்டும் சமம் என்கிறது தரநிலை. ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் முறைமை பிரித்தே சேமித்தது. லினக்ஸ் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். அதனால் லினக்ஸின் ஒரே கோப்புறையில் இரண்டு ‘சேர்வராயன் கோயில்’ இருக்க முடியும், கண்ணுக்கு ஒரு வேறுபாடும் தெரியாமல். ‘ஸ்ரீ’யில் சிக்கல் இன்னும் ஆழம். 2005இல் யூனிகோடில் ‘ஶ’ சேர்ந்த பிறகு அதற்கு இரண்டு எழுத்துக்கோவைகள் உண்டு. திரையில் பெரும்பாலும் ஒரே உருவம். இவற்றைத் தரநிலையும் சமமாகக் கருதுவதில்லை.

இவை குழப்பங்கள்தாம். ஆபத்து தொடங்குவது கட்டளை வரியில். ஒரு கட்டளையிடம் விருப்பக் குறிகளும் கோப்புப் பெயர்களும் ஒரே வரிசையில்தான் வந்து சேர்கின்றன. ‘-ஆர்எஃப்’ என்று பெயரிட்ட கோப்பு இருக்கும் கோப்புறையில் கோப்புகளை அழிக்கும் ‘ஆர்எம்’ கட்டளைக்கு உடுக்குறியைக் கொடுத்தால், கட்டளை வரியைப் படிக்கும் ஷெல் அந்தக் குறியைப் பெயர்களாக விரிக்கும். ஆர்எம் அந்தக் கோப்பின் பெயரைத் தனக்கிட்ட ஆணையாகவே படிக்கும். 2014இல் லியோன் ஜுரானிச் எழுதிய ஆய்வுக் குறிப்பு இதை இன்னும் தொலைவுக்குக் கொண்டுபோனது. கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் கருவியில் இடையிடையே ஒரு நிரலை இயக்கச் சொல்லும் விருப்பக் குறி உண்டு. அதையே பெயராகக் கொண்ட கோப்பைப் பொதுக் கோப்புறையில் போட்டுவிட்டால், நிர்வாகியின் இரவு நேர பேக்கப் ஸ்கிரிப்ட் தாக்குபவரின் நிரலை நிர்வாகியின் அதிகாரத்தோடு இயக்கிவிடும். 2022 ஏப்ரலில் கோப்புகளைச் சுருக்கும் ஜிஸிப் கருவியின் 1.12 பதிப்பு வெளிவந்தபோது திருத்தப்பட்ட குறையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. வரிமுறிவுகள் கொண்ட பெயரை, சுருக்கிய கோப்புகளுக்குள் தேடும் அதன் ஸீகிரெப்பிடம் கொடுத்தால், பெயரின் ஒரு பகுதி உள்ளே இயங்கும் செட் கருவிக்கான கட்டளையாகி, தாக்குபவர் விரும்பிய கோப்பில் எழுதிவிட வாய்ப்பிருந்தது.

அப்படியானால் இத்தகைய பெயர்களையும், யூடிஎஃப்-8 விதிக்கு உட்படாத பெயர்களையும் ஒட்டுமொத்தமாக மறுத்துவிடலாமே என்று தோன்றும். உலகமெங்கும் வட்டுகளில் ஏற்கெனவே கிடக்கும் கோப்புகள் அதற்கு இடம் தருவதில்லை. யூனிகோடுக்கு முன் தமிழ் டிஸ்கி, டேப், டேம் என்ற 8 பிட் முறைகளில் வாழ்ந்தது. தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றதே 2010இல்தான். டிஸ்கியில் சூட்டிய பெயர் யூடிஎஃப்-8 விதிக்கு உட்படாது. அத்தகைய பெயரைக் கண்டதும் விலகிக்கொள்ளும் பேக்கப் கருவி பாதுகாப்பானதல்ல. காப்பாற்ற வேண்டிய கோப்பை அது கைவிட்டுவிடுகிறது.

ஆகவே கட்டுப்பாட்டை எங்கே வைப்பது என்பதே கேள்வி. 2016 ஜனவரியில் வந்த, அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பான கோர்யூட்டில்ஸ் 8.25 ஒரு நல்ல விடை தந்தது. கோப்புப் பெயர்களைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ கட்டளை இடைவெளியுள்ள பெயரை மேற்கோளுக்குள் காட்டத் தொடங்கியது. நகலெடுத்து ஷெல்லில் ஒட்டினாலும் அது ஒரே பெயராகவே நிற்கும். பல ஆண்டுப் பழக்கம் கெட்டதென்று எதிர்ப்பு பலமாகவே இருந்தது. ஆனால் மாற்றம் மனிதர் பார்க்கும் முனையத்தில் மட்டுமே. வெளியீடு இன்னொரு கருவிக்குப் போகும்போது பழைய வடிவமே தொடர்ந்ததால் ஸ்கிரிப்ட்கள் உடையவில்லை. பழையபடியே வேண்டுவோருக்கு ஒரு விருப்பக் குறியும் இருந்தது.

நிரல்களின் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட் கருவியின் இயல்பு அமைப்பு இந்த அளவுக்குப் பொருந்தவில்லை. ஆஸ்கிக்கு வெளியிலுள்ள ஒவ்வொரு பைட்டையும் அது எண்ணாக்கிக் காட்டுகிறது. ‘ஏ’ என்ற ஒற்றை எழுத்து \340\256\217 ஆகிறது. ‘ஏற்காடு’ 21 எண்களின் தொடராக நீள்கிறது. கட்டுப்பாட்டுக் குறியையும் தமிழ் எழுத்தையும் ஒரே தட்டில் வைக்கும் ஏற்பாடு இது. ஓர் அமைப்பை மாற்றினால் எழுத்து திரும்பிவிடும் என்பது உண்மை. ஆயினும் அதை மாற்றத் தெரியாதவரே பெரும்பாலோர். தம் கோப்பு ஏதோ பழுதாகிவிட்டது என்று அவர்கள் நினைத்தால் அது அவர்கள் குற்றமாகாது.

அதே கிட், 2014 டிசம்பரில், அளவறிந்து நடக்கவும் காட்டியது. எச்எஃப்எஸ் பிளஸ் சில புலப்படாக் குறிகளைக் கணக்கில் கொள்ளாது. அதனால் நடுவே அத்தகைய குறியைச் செருகிய ‘.கிட்’ என்ற பெயர், கருவியின் சொந்த அமைப்புகள் இருக்கும் கோப்புறையாகவே மாறி, அங்கே தாக்குபவரின் நிரல் போய் அமர வழியிருந்தது. புலப்படாக் குறிகள் அனைத்தையும் தடுத்திருந்தால் வேலை எளிது. ஆனால் அவற்றுள் ஒன்றான அகலமற்ற பிரிப்பான், தமிழில் ‘க்ஷ’ கூட்டெழுத்தாக ஒட்டிவிடாமல் க், ஷ இரண்டையும் தனித்தனியே காட்டப் பயன்படுகிறது. 2.2.1 பதிப்பு அந்தக் குறிகளை நீக்கிப் பார்த்தபின் ‘.கிட்’ ஆக மிஞ்சும் பெயர்களை மட்டுமே மறுத்தது. குறி வைத்தது ஆபத்துக்கு, எழுத்து தப்பித்தது.

யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிலையின் 2024 பதிப்பும் இந்த வழியைத்தான் பின்பற்றுகிறது. வரிமுறிவுள்ள பெயரில் புதிய கோப்பை உருவாக்க மறுக்குமாறு கருவிகளை அது ஊக்குவிக்கிறது, இன்னும் கட்டாயமாக்கவில்லை. வட்டில் ஏற்கெனவே இருப்பவற்றைக் கையாள, ‘ஃபைண்ட்’, ‘எக்ஸார்க்ஸ்’ இரண்டிலும் பெயர்களைச் சுழிய பைட்டால் பிரித்துக் கடத்தும் முறையைத் தரத்துக்குள் கொண்டுவந்திருக்கிறது. எந்தப் பெயருக்குள்ளும் வர முடியாத பைட் அது. டிஸ்கியில் சூட்டிய பெயரும், இரு வடிவக் ‘கோ’வும், வரிமுறிவு புகுந்த பெயரும் அதைக் கடந்து ஒரு பைட்டும் மாறாமல் அடுத்த கருவிக்குப் போய்ச் சேரும். ஹைஃபனில் தொடங்கும் பெயருக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும்: பெயர்களுக்கு முன் இரட்டை ஹைஃபன் இட்டால் விருப்பக் குறிகள் அங்கே முடிந்தன என்று பெரும்பாலான கருவிகள் புரிந்துகொள்ளும். அந்த வழக்கத்தை ஏற்காத கருவிகளிடம் பெயரின் தலையில் புள்ளியும் சாய்கோடும் சேர்த்துக் கொடுத்தால் போதும்.