அகத்திய நட்சத்திரமும் அரபு நாட்டு வெயிலும்

நாகபுரிக்காரனுக்கு வெயில் ஒரு பொருட்டல்ல என்பது நம்மவரிடையே உள்ள பெருமை. மே மாதத்து 45 டிகிரி அனலில், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்து சென்று டூட்டி பார்ப்பவர்கள் அல்லவா நாம்! அந்தப் பெருமையைச் சுமந்துகொண்டுதான் அடியேன் 2024 செப்டம்பரில் துபாய் நகருக்குப் புறப்பட்டேன். என் தம்பி அங்கே கட்டிட வேலையில் இருக்கிறான். "செப்டம்பரில் வாருங்கள் அண்ணா, வெயில் தணிந்திருக்கும்" என்று அவன்தான் சொல்லியிருந்தான்.

13-ஆம் தேதி வெள்ளிக்கிழமை நள்ளிரவில் விமான நிலையத்தை விட்டு வெளியே அடி வைத்ததும் என் மூக்குக்கண்ணாடி பனி படிந்தாற்போல் மங்கிவிட்டது. துடைத்தேன், மீண்டும் மங்கியது. அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மறுநாள் நண்பகலில், தேராப் பகுதியில் ஊர் நண்பர் ஒருவரின் அறையிலிருந்து புறப்பட்டு, வழக்கம்போல் துண்டைச் சுற்றிக்கொண்டு கடைவீதியில் நடந்தேன். கால் மணி நேரத்தில் சட்டை பிழிய வேண்டிய நிலையாயிற்று. அரை மணியில் தலை சுற்றிற்று. பஸ் நிற்குமிடத்தில் குளிர்சாதனம் பொருத்திய கண்ணாடி அறை ஒன்று இருந்தது. அதில் சென்று உட்கார்ந்த பிறகே உயிர் வந்தது.

அன்றைய உஷ்ணம் 40 டிகிரியைத் தாண்டவில்லை. பின் ஏன் இந்த அவஸ்தை? நாகபுரி வெயில் உலர்ந்த வெயில். வியர்வை துளிர்க்கும் முன்பே காற்று அதைக் குடித்துவிடுகிறது; குடிக்கும்போது உடம்பின் சூட்டையும் உடன் கொண்டுபோகிறது. நம் வீட்டுக் கூலர் குளிர்வதும் இந்த நியாயத்தால்தான். துபாயோ கடற்கரை நகரம். செப்டம்பரில் கடல்நீரே 30 டிகிரிக்கு மேல் கொதிப்புற்றிருக்கும். ஈரம் நிரம்பிய காற்றில் வியர்வை உலர்வதற்கு இடம் ஏது? அது உடம்பில் வழிகிறதே தவிர, சூட்டைக் குறைப்பதில்லை. நம் கூலரை அங்கே கொண்டுபோய் வைத்தால் அறை இன்னும் புழுங்கத்தான் செய்யும்.

மெட்ரோ ரயிலைப் பற்றி எழுதாவிட்டால் நம் ஆபீஸ் அன்பர்கள் விடமாட்டார்கள். 2009 செப்டம்பர் 9-ஆம் தேதி தொடங்கிய ரயில். டிரைவர் இல்லை, கார்டும் இல்லை. முதல் பெட்டியின் முன்கண்ணாடி அருகே நின்று பாதையைப் பார்த்துக்கொண்டே போகலாம். உள்ளே ஏதேனும் தின்றால், குடித்தால் 100 திர்ஹம் அபராதம். கொடி காட்ட ஆளில்லாத ரயிலைக் கண்டதும் மனத்துக்கு என்னவோ போலிருந்தது. அது நிற்க.

15-ஆம் தேதி ஞாயிறு, நபிகள் பிறந்தநாள் விடுமுறை. தம்பி வந்தான். முகம் கறுத்து, கழுத்து எலும்பு தெரிந்தது. மாலையில் கடற்கழியை 'அப்ரா' என்னும் படகில் கடந்தோம். ஆளுக்கு ஒரு திர்ஹம்தான் கட்டணம். அக்கரையில் பாரசீக வணிகர்கள் கட்டிய பழைய வீடுகளின் காற்றுக் கோபுரங்கள் நிற்கின்றன. மின்சாரம் வராத நாளில் மேலே வீசும் காற்றைப் பிடித்து அறைக்குள் இறக்கும் உபாயம் அது. அதன் நிழலில் உட்கார்ந்தபோதுதான் தம்பி மெல்லச் சொன்னான்.

ஆண்டுதோறும் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். நல்ல சட்டம், பல உயிர்களைக் காப்பது. "ஆனால் இன்றோடு அது முடிகிறது, அண்ணா. நாளை முதல் மதியமும் வேலைதான்."

"வெயில் குறையவில்லையே, தம்பி?"

"விடியற்காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது தெற்கே ஒரு நட்சத்திரம் தெரிகிறது. சுஹைல் என்பார்கள் அரபு மக்கள். ஆகஸ்டு கடைசியில் அது வந்துவிட்டால் கோடை இறங்குகிறது என்று கணக்கு. நம்முடைய அகத்திய நட்சத்திரம்தான் அண்ணா அது. இனி மெல்ல மெல்லக் குறையும்."

மெல்ல என்றால் எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலத்தை நீரில் கரைத்துக் குடிக்கத் தருகிறார்கள் என்றும், தலை சுற்றினால் உடனே நிழலுக்குப் போய்விடுவதாகவும் அவனே சொன்னான். பிறகு, "அம்மாவிடம் இதெல்லாம் வேண்டாம்" என்றான்.

மறுநாள் 12.30-க்கு நான் நண்பர் அறையில் குளிர்ந்த காற்றில் இருந்தேன். மூன்று மணி வரை கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நண்பர் போட்ட சோற்றில் கை வைக்க முடியவில்லை. இரவு எட்டு மணிக்குத் தம்பி டெலிபோனில் பேசினான். "ஒன்றுமில்லை அண்ணா, தூங்கப் போகிறேன்" என்று இரண்டே வார்த்தை.

ஊர் திரும்பியதும் அம்மா கேட்டாள்: "அவன் இளைத்திருக்கிறானா? வெயில் எப்படி?" நான் டிரைவரில்லாத ரயிலைப் பற்றி வெகுநேரம் பேசினேன். அம்மா அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை.

கண்பார்வை குறைந்த அம்மாவுக்கு நம் இதழை மாதந்தோறும் நானே வாசித்துக் காட்டுகிறேன். இந்தப் பத்தியையும் ஒரு வரி தாண்டாமல் வாசிப்பதென்று தம்பிக்கு எழுதிவிட்டேன். "சரி அண்ணா, நட்சத்திரம் வரும் இடத்தை மட்டும் சற்று நிறுத்தி வாசியுங்கள்" என்று பதில் வந்திருக்கிறது.