துறைகள் இணையட்டும்!

தமிழக அரசில் கணினி நுழையாத துறை இன்று அரிது. நிலப் பதிவேடு, பத்திரப் பதிவு, குடும்ப அட்டை, மின் கட்டணம் என அனைத்தும் கணினித் திரைக்கு வந்துவிட்டன. ஆயினும், ஒரு துறையிடம் உள்ள தகவலை நகலெடுத்து மற்றொரு துறையிடம் சேர்க்கும் பணி இன்னமும் குடிமக்களின் தலையிலேயே இருக்கிறது.

துறைகள் ஒருங்கிணைந்தால் என்ன நிகழும் என்பதற்குக் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் ஓர் எடுத்துக்காட்டு. 2023 செப்டம்பரில் அது தொடங்கப்பட்டபோது, ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள், நிலம் நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், ஆண்டு மின் நுகர்வு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும் என்று வரையறுக்கப்பட்டது. குடும்ப விவரம் உணவுத் துறையிடம், நில விவரம் வருவாய்த் துறையிடம், மின் நுகர்வு மின்வாரியத்திடம், வாகன விவரம் போக்குவரத்துத் துறையிடம். இவற்றை ஒப்பிட்டுத்தான், வந்த சுமார் 1.63 கோடி விண்ணப்பங்களிலிருந்து 1.06 கோடிப் பயனாளிகளைத் தேர்ந்தெடுக்க முடிந்தது.

ஆனால், தரவுகள் இணையும்போது அவற்றிலுள்ள பிழைகளும் இணைகின்றன. பாகம் பிரிக்கப்படாத கூட்டுப் பட்டாவில் ஒருவருடைய பங்கு எவ்வளவு? ஒரே மின் இணைப்பைப் பல குடித்தனங்கள் பகிர்ந்துகொண்டால் நுகர்வு யாருடைய கணக்கில் சேரும்? பதிவேட்டில் தெளிவில்லை எனில், மாதம் ஆயிரம் ரூபாயை இழப்பவர் ஓர் ஏழைப் பெண்.

இந்தக் குறை தொழில்நுட்பத்தால் விளைந்ததன்று. நிதி ஒதுக்கீட்டு முறையால் விளைந்தது. பட்டாவைத் திருத்தும் செலவு வருவாய்த் துறையுடையது. அதன் பயனோ பிற துறைகளுக்கும் போய்ச் சேர்கிறது. செலவு ஓரிடத்திலும் பயன் வேறிடத்திலும் இருக்கும்போது, எந்தத் துறையும் தன் நிதியிலிருந்து அதற்குப் போதிய முதலீடு செய்யாது. பொதுப் பண்டங்கள் குறித்துப் பொருளியல் கூறும் அடிப்படைப் பாடம் இது.

எனவே, தரவுச் சீரமைப்புக்கு நிதிநிலை அறிக்கையில் தனிப் பொது ஒதுக்கீடு தேவை. பொதுத் தரநிலைக்கு உட்படாத எந்த மென்பொருளுக்கும் நிதித் துறை ஒப்புதல் அளிக்கக் கூடாது. ஒவ்வொரு தரவுக்கும் ஒரே ஒரு துறை பொறுப்பேற்க வேண்டும். அங்கு திருத்தப்படும் பிழை எல்லாத் துறைகளிலும் தானாகத் திருந்த வேண்டும்.

எஸ்டோனியா 2001-ஆம் ஆண்டிலேயே 'எக்ஸ்-ரோடு' என்னும் தரவுப் பரிமாற்றக் கட்டமைப்பை நிறுவியது. அங்கு தரவுகள் ஒரே கிடங்கில் குவிக்கப்படுவதில்லை. அந்தந்தத் துறையிடமே இருக்கின்றன. தேவைப்படும்போது மட்டும் பரிமாறப்படுகின்றன. தன் விவரத்தை எந்த அலுவலகம் பார்த்தது என்பதைக் குடிமகனும் அறிய முடியும்.

இந்தப் பாதுகாப்பு நமக்கு இன்னும் அவசியம். அரசு தன்னிடமுள்ள விவரங்களைக் கொண்டு மானியங்களையும் நலத் திட்டங்களையும் வழங்கும்போது, புதிதாக ஒப்புதல் பெறத் தேவையில்லை என்று 2023-ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. அதிகாரம் பெரிதெனில் பொறுப்பும் பெரிதாக வேண்டும். எந்தப் பதிவின் அடிப்படையில் தம் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்பதை விண்ணப்பதாரருக்கு எழுத்துமூலம் தெரிவிப்பது கட்டாயமாக்கப்பட வேண்டும்.

புதிய செயலிகளின் எண்ணிக்கை மின்னாளுமையின் அளவுகோல் ஆகாது. ஒரே சான்றுக்காகச் சாமானியர் எத்தனை அலுவலகப் படிகளை ஏற வேண்டியிருக்கிறது என்பதே உண்மையான அளவுகோல்.