மதில்மேல் பூனைகள்

அமெரிக்காவில் பழம் பறிப்போர், கட்டிடம் கட்டுவோர் பலரிடம் குடியேற்ற அனுமதிப் பத்திரம் இல்லை. வேலை வாங்கும்போது பல முதலாளிகள் அதைக் கண்டுகொள்வதில்லை. பிள்ளைகள் கல்லூரி வாசலுக்கு வந்தால் மட்டும், “பத்திரம் எங்கே?” என்கிறார்கள்!

பள்ளிக் கதவை 1982-ல் உச்ச நீதிமன்றம் திறந்தது. அத்தீர்ப்பு கல்லூரியைத் தொடவில்லை. டெக்ஸாஸ் ராஜ்யத்தில் படித்து வளர்ந்த இப்பிள்ளைகளும் உள்ளூர்க் கட்டணமே செலுத்தலாம் என 2001-ல் சட்டம் வந்தது. கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சிக் கவர்னர் ரிக் பெர்ரி. 2025-ல் சட்டசபை அதை ரத்துச் செய்யாமலே கலைந்தது. இரண்டு நாள் கழித்து, ஜூன் 4-ல், மத்திய சர்க்கார் வழக்குப் போட்டது. ராஜ்ய சர்க்கார் எதிர்த்து வாதாடாமல் உடன்பட்டது. அன்றே சட்டம் செத்தது. எந்த மெம்பரும் கை தூக்க வேண்டியிருக்கவில்லை!

ஜனநாயகக் கட்சி மட்டும் யோக்கியமா? இப்பிள்ளைகளுக்குக் குடியுரிமை வழி திறக்கும் மசோதாவுக்கு 2010 டிசம்பரில் செனட்டில் 55 ஓட்டு, தேவை 60. எதிர்த்தவர்களில் ஐவர் அக்கட்சியினரே.

“அனுதாபம் உண்டு, காலம் கனியவில்லை” என்பது பதிலல்ல. உழைப்பு வேண்டும், உழைப்பவன் பிள்ளைக்குப் படிப்பு வேண்டாமா? உண்டா, இல்லையா? ஓட்டுக் கேட்டு வருவோர் வாய் திறந்து சொல்லட்டும்!