கணிப்பொறியின் மடை எவர் கையில்?

பொதிகையிற் பிறந்து புன்னைக்காயலருகே கடல் கலக்கும் பொருநையாற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. கோடைமேலழகியான் தொடங்கி மருதூர் ஈறாக ஏழும் முன்னையோர் கட்டியவை. எட்டாவதாகிய திருவைகுண்டம் அணை 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலராட்சியில் எழுந்தது. காண வந்தவர் அணையின் நீளத்தையும் உயரத்தையும் வியந்து செல்வர். ஆயின், எந்த வயல் விளையும், எந்த வயல் காயும் என்பதை முடிவு செய்வது மடை. மடை எப்பக்கம் திறந்துள்ளதோ அப்பக்கமே நீர் பாயும். "நீர் தானே ஓடிற்று" என்பவன் வேளாண்மை அறியாதவன். "மடையைத் திறந்தவன் எவன்?" என்று வினவுபவனே உழவன்.

கணிப்பொறிக்கும் மடை உண்டு. ஒரு கோப்பின்மேல் இருமுறை சொடுக்கினால் அதனை எந்தச் செயலி திறக்க வேண்டும்? அச்செயலி எந்த மொழியிற் பட்டி காட்ட வேண்டும்? எழுதியதை எந்தக் குறிமுறையிற் சேமிக்க வேண்டும்? இவையனைத்தும் பயன்படுத்துவோனைக் கேளாமலே முன்கூட்டி முடிவு செய்யப்பட்டுள்ளன. தமிழன் விலை கொடுத்து வாங்கிய பொறியில், தமிழன் வீட்டு மேசைமேல், தமிழன் எழுதும் தமிழுக்கு, மடை திறப்பவன் அயலான்!

இதனைத் தமிழில் 'இயல்பிருப்பு' என்று பலர் வழங்குகின்றனர். அப்பெயரே ஆராயத்தக்கது. இயல்பாவது ஒரு பொருளுக்குத் தன்னிலே அமைந்த தன்மை. நெருப்பிற்கு வெம்மை இயல்பு. நீருக்குத் தண்மை இயல்பு. உரைக்கோப்பை நோட்பேடு என்னும் செயலியே திறக்க வேண்டும் என்பது அக்கோப்பின் இயல்பா? அன்று. அஃது அமெரிக்க நாட்டு ரெட்மண்டு நகரில் அமர்ந்துள்ள மைக்ரோசாப்டு நிறுவனத்தார் செய்து வைத்த ஏற்பாடு. ஆதலால் 'முன்னமைவு' என்பதே பொருந்துஞ் சொல். முன்னமைவு எனின், அமைத்தவன் ஒருவன் உளன் என்பதும், அமைத்ததை மாற்றலாம் என்பதும் சொல்லிலேயே விளங்கும். இயல்பிருப்பு எனினோ, மாற்றலாகாதது என்னும் அடிமையெண்ணம் சொல்லின் வழியே உள்ளத்துட் புகும். சொற்பிழை கருத்துப் பிழையாகும்; கருத்துப் பிழை வாழ்க்கைப் பிழையாகும்.

இத்தகைய மாற்றம் தமிழனுக்குப் புதிதன்று. பழந்தமிழ் நூல்கள் பொருநை என்ற ஆற்றைத் தாமிரபரணி என்று எழுதியவர் எவரோ எழுத, அதுவே பள்ளிப் பாடத்திலும் பதிவேட்டிலும் பெயர்ப்பலகையிலும் முன்னமைவாயிற்று. இன்று நெல்லையிற் பிறந்த பிள்ளைக்குப் பொருநை என்பது நூலறிவு; தாமிரபரணி என்பதே நாவறிவு. எவரும் வாளெடுத்து வந்து பெயரைப் பறிக்கவில்லை. முதற்கண் எது வைக்கப்பட்டதோ அதுவே நின்றது, அவ்வளவே.

இனி, முன்னமைவு தொழிற்படும் முறையைக் காண்போம். விண்டோசு இயங்குதளத்தில் ஒவ்வொரு கோப்பின் பெயர்க்கும் ஒரு வால் உண்டு. 'டிஎக்சுடி' என்னும் வாலுடையது வெற்று உரைக்கோப்பு. 'சிஎசுவி' என்னும் வாலுடையது காற்புள்ளியாற் பிரித்த பட்டியல். இந்த வாலைக் கண்டே, இன்ன வகைக்கு இன்ன செயலி என்று பொறி முடிவு செய்கிறது. அந்த வாலையும் பயனர் கண்ணிற் படாமல் மறைத்து வைத்திருப்பது மற்றுமொரு முன்னமைவு! ஆளை மறைத்து, ஆளுக்குரிய தலைவனையும் அவர்களே குறித்து வைத்துள்ளனர்.

இதனால் தமிழுக்கு விளைந்த கேடு யாது? 'தமிழ்' என்பது மூவெழுத்துச் சொல். ஒருங்குறி முறையில் அது த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறிகளாகும். இன்று பரவலாக வழங்கும் யுடிஎப்-8 என்னும் வடிவில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று எண்ணுண்மி, ஆகப் பதினைந்து. இப்பதினைந்தையும் ஐரோப்பிய எழுத்துக்கென்றே அமைந்த பழைய குறிமுறையில் ஒரு செயலி படிக்குமாயின், தலைமேற் கோடிட்ட உரோமன் எழுத்தும் வணிகக் குறியுமாகக் குப்பைகள் திரையில் நிற்கும். ஒருங்குறி அடையாளமின்றிச் சேமித்த தமிழ்ப் பட்டியற் கோப்பின்மேல் இருமுறை சொடுக்கியவுடன் எக்செல் செயலி திறந்து காட்டும் காட்சி இதுவே. கோப்பிற் பிழையில்லை, எழுதியவனிடத்தும் பிழையில்லை, திறக்குமாறு அமர்த்தப்பட்டவனே அவ்வெழுத்தைத் தவறாகப் படிக்கிறான்.

குப்பையாகத் தோன்றுவதையேனும் மீட்கலாம். தக்க செயலியில் தக்க குறிமுறை குறித்துத் திறந்தால் தமிழ் மீண்டும் தோன்றும். மீட்கவியலாத கேடு ஒன்றுண்டு. 2019-ஆம் ஆண்டு வரை விண்டோசின் நோட்பேடு, புதுக்கோப்பைச் சேமிக்க ஆன்சி என்னும் மேலைக் குறிமுறையையே முன்னமைவாகக் கொண்டிருந்தது. அதில் தமிழுக்கு இடமேயில்லை. தமிழ் எழுதிச் சேமிக்கப் புகுந்தவர்க்கு, எழுத்துகள் இழக்கப்படும் என்றோர் எச்சரிக்கை தோன்றும். அது தோன்றுவதும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்! பொருளுணராது 'சரி' என்று அழுத்தியவரின் தமிழ், குறிக்கொரு வினாக்குறியாக மாறிவிடும். 'தமிழ்' என்று எழுதிய இடத்தில் ஐந்து வினாக்குறிகள். செல்லரித்த ஓலையிலாவது பாதி எழுத்து எஞ்சும். வினாக்குறியான கோப்பில் ஓரெழுத்தும் எஞ்சாது. எக்செலிற் பட்டியலைப் பழைய காற்புள்ளி வடிவிற் சேமித்தாலும் கேடு இதுவே.

பொருநைக்கரையில் மடையும் மதகும் காலும் குளமும் பற்றி உழவர் நாவில் வழங்கும் சொற்கள் எத்தனை! நெய்தல் நிலத்துப் பரதவர் காற்றிற்கும் நீரோட்டத்திற்கும் இட்ட பெயர்கள் எத்தனை! ஒரு மாணவன் அவற்றைத் தொகுத்துத் தட்டச்சிட்டு, ஒரு முன்னமைவால் வினாக்குறியாக்கிவிட்டால், சொன்ன முதியவர் மறைந்த பின் யாரைக் கேட்பது? அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துச் சங்கரன்கோயிற் பகுதியில் 1902-இல் தோன்றிய பாவாணர், வாழ்நாளெல்லாம் சொல்லைத் தொகுத்தார், வேரைத் தோண்டினார். அவர் தாளில் எழுதிய எழுத்தை எந்தத் தாளும் வினாக்குறியாக மாற்றிவிடவில்லை.

இங்கு அயலானை மட்டும் பழித்தல் நேர்மையன்று. தமிழர் தாமே தோண்டிய குழியும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில், உரோமன் எழுத்துகளின் இருக்கையிலேயே தமிழ் வடிவங்களை அமர்த்தினர். அது தமிழ்ச் சட்டை உடுத்த ஆங்கிலம். வெற்று உரைக்கோப்பு எழுத்துருவைத் தன்னுள் வைத்திராது. சட்டை கழன்றவுடன் உள்ளிருந்த ஆங்கிலக் குப்பை வெளிப்படும். நிறுவனத்துக்கு ஒரு குறிமுறை, அலுவலகத்துக்கு ஓர் எழுத்துரு என்று சிதறி நின்றதால், ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க இயலாத நிலை நேர்ந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் வழித் தமிழ்99 விசைப்பலகை வந்தது. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. ஆணை வந்தது, ஆயினும் பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் மாற்றப்படாமல் தேங்கின. ஆணை அணையைப் போன்றது. மடை திறவாத அணையால் என்ன பயன்?

"ஒருங்குறியே தமிழுக்கு ஒவ்வாதது, அதனை முன்னமைவாக்கச் சொல்லுவதா?" என்று நம் இயக்கத்தாருள்ளேயே சிலர் வினவுவர். வினா முறையானதே. இந்திய அரசின் இசுக்கி முறையை ஒட்டி, நாகரியின் அச்சில் தமிழை வார்த்ததால், 128 இடங்கள் கொண்ட தமிழ்ப் பகுதியில், தமிழில் இல்லாத எழுத்துகளுக்குரிய இடங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன; உயிர்மெய்களோ தனியிடமின்றி இரண்டாகப் பிளவுண்டன. ஒவ்வோர் எழுத்துக்கும் தனியிடம் வேண்டும் என்று கண்ட டேசு16 முறையையும் அரசு 2010-இல் மாற்று முறையாக ஏற்றது. குறையை எடுத்துரைப்பது கடன். ஆயினும் உலகின் பொறிகள் எல்லாம் இன்று படிப்பது ஒருங்குறியையே. திருத்தம் வரும்வரை எழுதியதை இழந்துகொண்டிருப்பது அறிவாகாது. வீடு கோணல் என்பதற்காக மழையில் நிற்பார் உண்டோ?

"2019-இல் நோட்பேடும் யுடிஎப்-8க்கு மாறிவிட்டதே, இனி என்ன குறை?" என்பர் வேறு சிலர். மாறியது உண்மை. தமிழனைக் கேட்டு மாறிற்றா? அவர்கள் தம் வசதி நோக்கித் தாம் வேண்டியபோது மடையைத் திருப்பினர். வழிந்த நீர் தமிழ் வயலிலும் பாய்ந்தது. நாளை வேறு பக்கம் திருப்பினால்? பிறன் கருணையாற் பாயும் நீர் உரிமை நீராகாது. பழைய இயங்குதளம் ஓடும் பொறிகளுக்கோ அம்மாற்றமும் எட்டவில்லை.

"ஆங்கிலப் பட்டியே போதும், தமிழ்ப் பட்டி குழப்பும்" என்பாரும் உளர். விண்டோசுக்குத் தமிழ் இடைமுகம் உண்டு. லினக்சு வழங்கும் கேடியீ, குனோம் ஆகிய திரைச்சூழல்களுக்குத் தமிழ்ப் பெயர்ப்பு உண்டு. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980-களிலேயே முரசு அஞ்சலை உருவாக்கினார்; சிங்கையில் நா. கோவிந்தசாமி 1990-களில் தமிழை இணையத்தில் ஏற்றினார். கடல் கடந்த தமிழர் பொறியைத் தமிழுக்கு வளைத்தனர்; தாய்நிலத்துத் தமிழரோ தமிழைப் பொறிக்கு வளைத்துவிட்டுக் குழப்பம் என்கின்றனர். குழப்பம் பட்டியில் இல்லை, பழகாமையில் உள்ளது.

வரலாறு வேறொன்று கற்பிக்கிறது. 1578-இல் கொல்லத்தில் தமிழ்நூல் அச்சேறியது. அதே அண்டிரிக்கு அடிகளாரின் அடியார் வரலாறு 1586-இல் இப்பொருநை முகத்துப் புன்னைக்காயலில் அச்சானதென்று நூல்வரலாற்றார் கூறுவர். வந்தவர் போர்த்துகீசியர், நோக்கம் அவர்தம் சமயம். எனினும் அவர்கள், "உரோமன் அச்சு இருக்கிறது, தமிழர் அதற்குள் அடங்குக" என்று இருந்துவிடவில்லை, தமிழுக்கென்று எழுத்து வார்த்தனர். அச்சுப்பொறி தமிழுக்கு வளைந்தது. நானூறு ஆண்டுகட்குப் பின், தன் மண்ணில், தமிழன் பொறிக்கு வளைகிறான். இதனினும் நாணத்தக்கது யாது?

தீர்வு அரிதன்று. வலச்சொடுக்கிட்டு, 'இதனைக் கொண்டு திற' என்னும் பட்டியிற் புகுந்து, ஒருங்குறியைச் செவ்வனே கையாளும் உரைத்தொகுப்பி ஒன்றைத் தேர்ந்து, 'எப்போதும்' என்று குறித்தால் போதும். உரைக்கோப்புக்கும் பட்டியற் கோப்புக்கும் தனித்தனியே ஒருமுறை செய்க. விண்டோசு 10 முதல், எச்செயலியும் பயனர் இசைவின்றித் தன்னைத் தானே முன்னமைத்துக்கொள்ளலாகாது என்பது அமைப்பு. ஆதலால் இம்மடையைத் திருப்பும் கை பயனருடையதே. லினக்சிலோ இம்முடிவுகள் அனைத்தும் ஒரு சிறு உரைக்கோப்பில் வெளிப்படையாக எழுதப்பட்டுள்ளன. படிக்கத் தெரிந்தவன் திருத்தலாம். அதன்பின் அத்தொகுப்பியின் அமைப்புக்குட் சென்று, புதுக்கோப்பின் குறிமுறை யுடிஎப்-8 என்று நிறுத்துக. கோப்பு வாலை மறைக்கும் அமைப்பை நீக்குக. எழுத்துருவைச் சார்ந்த பழங்கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றி, மாற்றியதைப் படித்துச் சரிபார்த்து, இரண்டிடத்திற் சேமிக்க.

பள்ளிதோறும் கணிப்பொறி ஆசிரியர் இதனை முதற் பாடமாகக் கற்பித்தல் வேண்டும். பொறியை வாங்கும் அரசலுவலகம், தமிழ் முன்னமைந்த பொறியையே ஏற்போம் என்று ஒப்பந்தத்தில் எழுதுதல் வேண்டும். விற்பவன் வாங்குபவன் சொற்படி அமைப்பான். வாங்குபவன் வாய்மூடியிருப்பின் தன் விருப்பப்படி அமைப்பான்.

"ஒரு சொடுக்குக்கு இத்துணை ஆரவாரமா?" என்று நகைப்பார் நகைக்கட்டும். மடைப்பலகை ஒரு முழமே. அதனைத் திறப்பவனே கழனிக்கு உரியவன். தமிழ மக்களே! அணையைப் பாடியது போதும், மடைக்கு நடமின். உங்கள் கோப்பை உங்கள் மொழியறிந்த செயலியே திறக்குமாறு இன்றே அமைமின். முன்னமைத்தவன் அயலான், மாற்றியமைப்பவன் தமிழனாகுக!