பாட்டுக்குப் பரிசு, பாடிய மக்களுக்கு?



சினிமாவையும் பாட்டையும் பற்றி எழுதினால், “சங்கப் பத்திரிகையில் இதற்கு என்ன இடம்? கூலியைப் பற்றி எழுது, ரேஷனைப் பற்றி எழுது” என்று சிலர் சொல்லக்கூடும். நியாயம்தான். ஆனால் நம் வீடுகளில் கூலியைப் பற்றிய பேச்சு அரை மணி நேரம் நடந்தால் பாட்டு மூன்று மணி நேரம் ஒலிக்கிறது. யாரை மதிப்பது, யாரைப் பார்த்துச் சிரிப்பது என்பதை நம் பிள்ளைகள் பாடப் புத்தகத்தைவிடத் திரையில்தான் அதிகம் கற்கிறார்கள். ஆகவே இதுவும் நம் அரசியல்தான். கோவையில் படிக்கும் ஒரு மாணவன் என்ற முறையில் என் மனதில் பட்டதை எழுதுகிறேன்.

நம் அகளியிலிருந்தே தொடங்குவோம். 2020 பிப்ரவரியில் ‘அய்யப்பனும் கோஷியும்’ என்ற மலையாளப் படம் வெளிவந்தது. கதை நடக்கும் இடம் அட்டப்பாடி. நக்குப்பதி ஊரைச் சேர்ந்த நஞ்சியம்மா என்ற இருளர் இனத் தாய், அதில் தம் மொழிப் பாட்டைப் பாடினார். ஆடு மாடு மேய்த்து வாழ்ந்தவர். எந்த வித்துவானிடமும் போய்ப் பாட்டுப் படித்தவரல்ல. 2022 ஜூலையில் 68-வது தேசியத் திரைப்பட விருதுகள் அறிவிக்கப்பட்டபோது சிறந்த பின்னணிப் பாடகி அவரே! செப்டம்பர் 30-ஆம் தேதி டில்லி மேடையில், சந்தால் பழங்குடியில் பிறந்த குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அந்த விருதை வழங்கினார். படத்தின் இயக்குநர் சச்சிக்கும் விருது கிடைத்தது; அதை வாங்க அவர் உயிரோடு இல்லை. 2020 ஜூனிலேயே காலமாகிவிட்டார்.

அறிவிப்பின் சூடு ஆறுமுன்பே இசைத்துறையிலிருந்து ஓர் எதிர்க்குரல் கிளம்பியது. ஆண்டுக்கணக்கில் சாதகம் செய்தவர்கள் இருக்க, சுருதிக்குக் கட்டுப்பட்டுப் பாடப் பழகாதவருக்கு விருதா என்பது அந்தக் கேள்வி. இசைக் கலைஞர்கள் பலரே அதை மறுத்தார்கள். முறைப்படி கற்பதும் கடும் உழைப்புதான்; அதை நான் இகழவில்லை. ஆனால் மேய்ச்சல் காட்டிலும் தொட்டில் அருகிலும் இழவு வீட்டிலும் ஆயுள் முழுதும் பாடிய தொண்டைக்குச் சாதகம் இல்லை என்று யார் சொல்வது? களை எடுப்பவளின் கைக்குத் தெரிந்த தாளத்தை எந்தப் பரீட்சையில் அளப்பது?

சினிமா தந்ததாக நாம் நினைக்கும் பாட்டில் பெரும்பங்கு உழைப்பவர்கள் வீட்டிலிருந்து போனதுதான். இதற்கு இடுக்கி மலையே சாட்சி. 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்டு வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காக, மலைக்குக் கீழே பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராசன் வந்து தேயிலைத் தோட்டத் தமிழர்களிடையே பாடினார். ரோசம்மா வென்றார். அந்தப் பாவலரின் தம்பிதான் இளையராஜா. அண்ணனோடு ஆர்மோனியம் தூக்கிக் கட்சி மேடைகளில் பாடித் திரிந்தவர், 1976-இல் ‘அன்னக்கிளி’ படத்தில் கிராமத்து மெட்டைப் பட்டணத்துத் திரையில் ஒலிக்க வைத்தார். ஆக, லயத்து வாசலில் ஒலித்த குரல்தான் பிறகு வானொலியிலும் ஒலித்தது.

பாட்டு இப்படி எல்லை தாண்டுகிறது. அதைப் பாடும் மக்களுக்கு உள்ளூரிலேயே மதிப்பு இருக்கிறதா? என் விடுதித் தோழர்கள் நஞ்சியம்மாவின் பாட்டை மனப்பாடமாகப் பாடுவார்கள். அது எந்த மொழி என்று கேட்டால், ஒருவன் மலையாளம் என்பான். இன்னொருவன் கொச்சைத் தமிழ் என்பான். இருளர் மொழி என்று ஒன்று தனியாக இருப்பதையே அவர்கள் அறியவில்லை.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. 2018 பிப்ரவரி 22-ஆம் தேதி, நம் முக்காலிப் பக்கத்தில், மது என்ற பழங்குடி இளைஞனைக் கடையில் அரிசியும் சாமானும் திருடியதாகச் சொல்லிப் பிடித்து, கையைக் கட்டி அடித்தார்கள். அவன் செத்துப்போனான். அடித்தவர்கள் அவனைச் செல்போனில் படம் எடுத்தார்கள். தங்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள்! 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது. அவர்களில் 13 பேருக்கு ஏழாண்டுச் சிறை விதித்தது. ஒரே அட்டப்பாடி, ஒரே மக்கள். ஒரு காமிரா அவர்களின் பாட்டைப் பதிவு செய்தது. இன்னொரு காமிரா அவர்களில் ஒருவனின் சாவை வேடிக்கையாகப் பதிவு செய்தது. பாட்டை ரசித்த சமூகமும் மதுவை அடித்த சமூகமும் வேறு வேறு என்று சொல்லித் தப்பிக்க முடியுமா?

இங்கே தமிழர்களாகிய நாமும் யோசிக்க வேண்டும். மலையாளப் படங்களில் “பாண்டி” என்று நம்மைக் கேலி செய்யும்போது நமக்குச் சுருக்கென்று தைக்கிறது. தைக்கத்தான் வேண்டும். தேயிலை கிள்ளியும் ஏலம் எடுத்தும் ரோடு போட்டும் இந்த மலையை வாழ வைத்தவர்கள் நாம். ஆனால் அதே வாயால் ஊர்களில் வாழும் இருளரையும் முடுகரையும் குறும்பரையும் நாம் எப்படி அழைக்கிறோம்? சந்தையில், பஸ்ஸில், டீக்கடையில் அவர்களுக்கு என்ன மரியாதை தருகிறோம்? நமக்குக் கேட்கும் மரியாதையைப் பிறருக்குக் கொடுக்காவிட்டால் நம் கோபத்துக்கு அர்த்தமில்லை.

மரியாதையின் அடியில் மண் இருக்கிறது. 1951 கணக்கெடுப்பில் அட்டப்பாடியில் பத்தில் ஒன்பது பேர் பழங்குடியினர். 2011-இல் அவர்கள் பாதிக்கும் குறைவு. கேரளச் சமவெளியிலிருந்தும் கோவைப் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள் பெருகினார்கள். ஊராரின் நிலம் குறைந்தது. பறிபோன நிலத்தை மீட்டுத் தருவதற்கு 1975-இல் சட்டம் வந்தது. விதிகள் வருவதற்கே 1986 ஆயிற்று. 1999-இல் வந்த புதுச் சட்டம், குடியேறியவர்கள் ஐந்து ஏக்கர் வரை வைத்துக்கொள்ளலாம், இழந்தவர்களுக்கு அரசு வேறு நிலம் தரும் என்றது. வந்தவர்கள் எல்லோரும் பண்ணையார்கள் அல்ல. நம்மில் பெரும்பாலோர் இன்றும் கூலிக்காரர்கள்தான். அதனால்தான் நிலமில்லாதவனின் வலி நமக்குப் புரிய வேண்டும்.

2018-இல் லெனின் பாரதி எடுத்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஏல மூட்டை சுமக்கும் ரங்கசாமி ஒரு துண்டு நிலத்துக்காக ஆயுளெல்லாம் பாடுபடுகிறான். கடைசியில் தன் மண்ணில் நிற்கும் காற்றாலைக்கே காவற்காரனாகிறான். அதைப் பார்த்து நாம் கண் கலங்குகிறோம், ஏனென்றால் ரங்கசாமி நம் ஆள். நக்குப்பதிக்காரரும் முக்காலிக்காரரும் அதே ரங்கசாமிகள்தான் என்று நமக்குத் தோன்ற வேண்டாமா?

என்ன செய்யலாம்? சங்கத்தின் பொங்கல் விழாவில் பட்டணத்து மெல்லிசைக் குழுவுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, ஊர்க் கலைஞர்களை அவர்களின் தவிலோடும் குழலோடும் அழைப்போம். தலைவர்கள் வரும்வரை பொழுதுபோக்க அல்ல, நிகழ்ச்சியின் நடுவே, உரிய சம்பளத்தோடு பாட வைப்போம். தாய்மார்களே! உங்களுக்குத் தெரிந்த தாலாட்டையும் நடவுப் பாட்டையும் ஒப்பாரியையும் உங்கள் பேரப்பிள்ளைகளின் செல்போனில் பாடி வையுங்கள். பாடியவர் பெயரும் ஊரும் அதில் இருக்கட்டும். நாளை யாராவது சினிமாக்காரர் அந்த மெட்டை எடுத்தால், இது யாருடையது என்று சொல்ல ஆதாரம் வேண்டும். மாணவர்கள் ஊர்களுக்குப் போய், அவர்கள் சம்மதித்தால், அவர்களின் பாட்டையும் அப்படியே பதியட்டும். நிலம் இழந்தவர்களுக்கு அரசு வாக்களித்த மாற்று நிலத்தைக் கேட்டு ஊரார் அகளி ஆபீசுக்குப் போகும் நாளில், நம் சங்கத்துக் கொடியும் அவர்களுடன் போகட்டும்.