ஜெரேனியமும் கைராசியும்

பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குச் சென்று திரும்பும் நம் தோட்டத்துக் குடும்பங்கள், ஒரு ஜெரேனியப் பூந்தொட்டியை மடியில் வைத்துக் கொண்டுவருவது வழக்கம். சில வாரங்களில் தண்டின் அடி கறுத்துச் செடி சாய்ந்துவிடும். உடனே வீட்டுப் பெரியோர், நீரூற்றி வளர்த்த பிள்ளையைப் பார்த்து, “உனக்குக் கைராசி இல்லை” என்று கூறிவிடுகின்றனர். இக்கூற்றை நான் வன்மையாக மறுக்கின்றேன். செடி மடிந்தால் சில வெள்ளிதான் நட்டம். தன் கையால் எதுவும் விளையாது என்று பிள்ளை நம்பிவிட்டால் அந்நட்டத்தை எவ்வாறு ஈடுசெய்வது? பிழை, செடியைத் தேர்ந்தெடுத்த முறையில் உள்ளது.

நாம் ஜெரேனியம் என்றழைக்கும் தொட்டிச்செடியின் தாவரவியற் பெயர் பெலார்கோனியம் என்பதாகும். 1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் இதனை ஜெரேனிய இனத்தில் சேர்த்தார். 1789இல் லெரித்தியே என்னும் பிரெஞ்சு அறிஞர் தனியே பிரித்தார். எனினும் பழம்பெயரே மக்கள் நாவில் நிலைத்துவிட்டது. இதன் வகைகளுட் பெரும்பாலானவற்றின் தாயகம் தென்னாப்பிரிக்கா. வறண்ட மாதங்களைக் கடப்பதற்காகத் தடித்த தண்டில் நீரைச் சேமிக்கும் இயல்புடையது. நம் தாழ்நிலத்திலோ ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. இரவிலும் 23, 24 பாகை வெப்பம். 1,400 மீட்டருக்கு மேல் உயர்ந்த தானா ராத்தாவில் செழித்த செடி இங்கு வந்து அழுகாமல் என்ன செய்யும்?

கடையில் முதலில் கண்ணைப் பறிப்பது, அகன்ற சுருளிதழ்களையுடைய பெரும்பூ வகை. அதனை வாங்காதீர்கள். குளிர்ந்த இரவுகள் பல வாரம் தொடர்ந்தாலன்றி அது மொட்டுக் கட்டாது. இலையில் கருவளையம் உடைய வகை ஓரளவு தாங்கும். அதிலும் ஒற்றையடுக்குப் பூவே நன்று, அடுக்குப்பூ மழைநீரைத் தேக்கி அழுகிவிடும். என் விருப்பமோ, மலாய் அன்பர்கள் ஜெரெமின் என்றழைக்கும் மணமுள்ள வெட்டிலை வகை. பூ சிறிதே, ஆயினும் நம் வெப்பத்தில் நன்கு தழைக்கிறது.

அது கொசுவை விரட்டும் என்று சொல்லி விற்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். இலையைக் கசக்கினால்தான் மணம் எழும். தொட்டியில் நிற்கும் செடியைக் கண்டு கொசு ஓடுவதில்லை. தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கினாலோ ஏடிஸ் கொசு அங்கேயே முட்டையிடும். டிங்கிக் காய்ச்சல் வீட்டு வாசலிலேயே உருவாகும். அடித்தட்டே வேண்டா.

அடியில் துளையுள்ள மண்தொட்டியில் மணலும் கரித்துண்டும் கலந்த மண்ணை நிரப்பி, அஞ்சடியில் காலை வெயில் படும் ஓரத்தில் வையுங்கள். மேல்மண் காய்ந்த பின்னரே நீர் ஊற்றுக. பால்மரத்துக்குப் போடும் உரத்தை அள்ளிப் போட்டால் இலைதான் பெருகும். பள்ளிக்குப் பெரியவர்கள் வருகை தரும் நாளுக்கென மலைச்செடிகளை வாங்கி வரிசையாக அடுக்குவது எனக்கு உடன்பாடன்று. திறந்த மண்ணுக்குச் செம்பருத்தியும் இட்லிப்பூவும் இருக்கின்றனவே!

பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டியது, விலைக்கு வாங்கிய பூச்செடியைவிட ஒரு விரல் நீளக் கிளைநுனியே. அடியிலைகளைக் கிள்ளி, வெட்டுவாய் உலரச் சில மணி நேரம் நிழலில் வைத்து, ஈரமணலில் ஊன்றினால் மூன்று நான்கு வாரங்களில் வேர்விடும். ஒரு பிள்ளைக்கு ஒரு நுனி போதாது, மூன்று கொடுங்கள்; ஒன்று அழுகினாலும் இரண்டு நிற்கும்.